கில்ட் ஏன் விரிகிறது, ஜாக்கெட் ஏன் ஏறுகிறது: ஹைலேண்ட் நடன உடைக்கான பிழை நீக்கும் வழிமுறை

பேத்தி ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் நடனப் போட்டிகளில் ஆடுகிறாள், உடை தைக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கில்ட் (பின்பக்கம் மடிப்பு வைத்த கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை), வெல்வெட் ஜாக்கெட், கட்டம் போட்ட காலுறை என்று கடையில் வாங்கப் போனால் பெரிய தொகை. குழந்தை வளர்கிற வேகத்தில் அதுவும் சீக்கிரமே சின்னதாகிவிடும். வீட்டில் தைப்பது நல்ல முடிவுதான். ஆனால் சாதாரணப் பாவாடை, சட்டை தைத்துப் பழகிய கை இதில் சில இடங்களில் தடுமாறும். கண்ணில் படும் குறையைக் கீழே தேடி எடுங்கள், அங்கேயே காரணமும் திருத்தமும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். கில்ட்டின் கீழ்விளிம்பில் தெரியும் குறை எதுவானாலும் அதன் வேர் பெரும்பாலும் மேலே, இடுப்புக்கும் பிட்டத்துக்கும் நடுவில்தான் இருக்கும். கில்ட்டின் கீழ்விளிம்பு துணியின் கரை. அதை வெட்டினால் மீட்க முடியாது. அதனால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், தையலைப் பிரியுங்கள்.

பார்க்கும் முறை

வெறுங்காலோடு, கில்ட்டை மட்டும் கட்டி நிறுத்திப் பார்த்தால் எதுவும் தெரியாது. காலுறை, கில்லி என்னும் மென்மையான நடனச் செருப்பு, பிளவுஸ், ஜாக்கெட் எல்லாம் போட்டு நிறுத்துங்கள். முதலில் அசையாமல் நிற்கட்டும். பிறகு இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கட்டும். பிறகு நின்ற இடத்திலேயே எட்டுத் தடவை குதிக்கட்டும். முழங்கால் உயரத்தில் கைப்பேசியை வைத்துப் பின்பக்கத்திலிருந்து படம் பிடித்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நடுவர் காண்பது அதைத்தான்.

அசையாமல் நிற்கும்போதே பின்மடிப்புகள் வாயைத் திறக்கின்றன

இது மிகவும் அதிகமாக வரும் குறை. இடுப்பு பக்கிளை ஒரு துளை தளர்த்துங்கள். மடிப்புகள் உடனே மூடிக்கொண்டால் இடுப்பு இறுக்கம்தான் காரணம், பக்கிளை நகர்த்தித் தைத்தால் போதும். தளர்த்தியும் மூடவில்லை என்றால் பிட்டத்தின் அளவு தவறியிருக்கிறது.

கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் புரியும். இடுப்பு 24 அங்குலம், பிட்டம் 28 அங்குலம் உள்ள பெண்ணுக்குப் பாதி ஏப்ரன் (முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் மடிப்பில்லாத தட்டைப் பகுதி), பாதி மடிப்பு என்று பிரித்தால், மடிப்புப் பகுதிக்கு இடுப்பில் 12, பிட்டத்தில் 14 அங்குலம் வரும். 21 மடிப்பு வைக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு மடிப்பும் பிட்டத்தில் ஏறக்குறைய 17 மில்லிமீட்டரும் இடுப்பில் 14.5 மில்லிமீட்டரும் தெரிய வேண்டும். வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் வெறும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்துவிட்டால், 21 மடிப்பிலும் சேர்ந்து 21 மில்லிமீட்டர், முக்கால் அங்குலத்துக்கும் மேல் காணாமல் போகும். 'நான் அளந்துதான் தைத்தேன், எப்படி இறுகியது?' என்ற கேள்விக்குப் பதில் இதுதான். மூன்று மடிப்புக்கு ஒரு தடவை டேப் வைத்து மொத்தத்தை அளந்துகொண்டே போகவேண்டும். கடைசியில் அளப்பது பயன்படாது.

திருத்தும்போது ஓரத்து இரண்டு மடிப்பைப் பிரித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கட்டத்தின் கோடுகள் அந்த இடத்தில் மட்டும் அகலமாகிக் கண்ணைக் குத்தும். இடுப்புப் பட்டியைக் கழற்றி, எல்லா மடிப்பையும் பிட்டக் கோட்டிலிருந்து மேல்நோக்கிப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிமீட்டர் விட்டுக்கொடுங்கள். கையால், சிறு சாய்தையலாக, அங்குலத்துக்குப் பத்துக்குக் குறையாமல் தையுங்கள். ஒரு மாலை முழுக்கப் போகும், ஆனால் வேறு வழியில் இது சரியாகாது.

மடிப்புகள் குதிக்கும்போது எழும்பவில்லை, பலகைபோல் நிற்கின்றன

மடிப்புகளை மூடித் தைத்திருக்கும் பகுதியை ஃபெல் என்பார்கள். அது இடுப்பில் தொடங்கிப் பிட்டத்தின் மிக அகலமான இடத்தில் முடிய வேண்டும். மொத்த நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 15 அங்குலக் கில்ட்டில் ஐந்து அங்குலம். அதற்குக் கீழே இரண்டு அங்குலம் கூடுதலாகத் தைத்துவிட்டால் சுழலும்போது விரிய மடிப்பில் இடம் இருக்காது. கூடுதலான தையலைப் பிட்டக் கோடு வரை பிரித்து விடுங்கள். ஃபெல் குட்டையாகிவிட்டால் எதிர்மாறு நடக்கும், பிட்டத்தின் மேலேயே மடிப்புகள் வெடித்து நிற்கும்.

துணியையும் பாருங்கள். ஆண்கள் அன்றாடம் கட்டும் கில்ட்டுக்குக் கெஜத்துக்கு 13 முதல் 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி. நடனத்துக்கு 10, 11 அவுன்ஸ்தான் சரி. கனத்த துணி விறைப்பாக அழகாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் சிறு பிள்ளையின் குதிப்புக்கு அது எழும்பாது. இந்தத் தவறு ஏற்கெனவே நடந்துவிட்டால் தையல் திருத்தத்தால் அதைப் போக்க முடியாது. இந்தக் கில்ட்டைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, போட்டிக்கு வேறு துணி எடுப்பதே மேல்.

ஷான் ட்ரூஸ் என்ற ஆட்டம் ஆடும் பிள்ளைக்கு இந்தக் குறை இன்னும் உறுத்தும். அந்தப் பெயருக்குக் கேலிக் மொழியில் 'பழைய கால்சட்டை' என்று பொருள். 1746இல் வந்த சட்டம் மலைநாட்டு உடையைத் தடை செய்தது, 1782இல்தான் அது நீங்கியது. வேண்டாத கால்சட்டையை உதறிவிட்டுக் கில்ட்டின் விடுதலையைக் கொண்டாடுவதாகத்தான் அந்த ஆட்டத்தின் காலசைவுகளை விளக்குவார்கள். அங்கே கில்ட் விறைத்து நின்றால் ஆட்டத்தின் பொருளே போய்விடுகிறது.

மடிப்பின் உள்துணி கீழே எட்டிப் பார்க்கிறது

துணியின் கட்ட வடிவம் ஒரு தடவை முழுதாக வந்து முடிய 5 அங்குலம் ஆகிறது, மடிப்புக்கு ஒரு சுற்று என்றால், ஒரு மடிப்புக்கு 127 மில்லிமீட்டர் துணி போகிறது. வெளியே தெரிவது 17 மில்லிமீட்டர்தான். மீதித் துணி 5.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உள்ளே மடிந்து தொங்குகிறது. அந்தக் கனத்தை மேலே யாராவது தாங்க வேண்டும். தாங்க ஒன்றும் இல்லாவிட்டால் மெல்ல இறங்கி விளிம்புக்குக் கீழே தெரியும். புதுசாக இருக்கும்போது தெரியாது, நாலைந்து போட்டிக்குப் பிறகு தெரியும்.

லைனிங்கைத் தூக்கிப் பாருங்கள். உள்மடிப்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் தையல் வரிசை, அதாவது ஸ்டீக்கிங், இருக்கிறதா? இல்லையென்றால் ஃபெல் முடியும் கோட்டுக்கு ஓர் அங்குலம் மேலே, கெட்டியான இரட்டை நூலில் பின்தையல் ஒரு வரிசை ஓட்டுங்கள். ஊசி ஒவ்வொரு மடிப்பின் உள்துணியையும் பிடிக்க வேண்டும், முகத் துணியைத் தொடவே கூடாது. தைப்பதற்கு முன் கில்ட்டை மேசையில் பரப்பி, எல்லா மடிப்பின் கீழ்விளிம்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி கச்சாத் தையல் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்குக் கில்ட் தைப்பவர்கள் ஃபெல்லின் உள்ளே இருக்கும் உபரித் துணியை வெட்டி எடுத்துத் தடிமனைக் குறைப்பார்கள். வளரும் பிள்ளையின் கில்ட்டில் அதைச் செய்யாதீர்கள். அடுத்த வருடம் அந்தத் துணி தேவைப்படும்.

முன் ஏப்ரன் ஆடும்போது திறந்துகொள்கிறது

ஏப்ரனை நேர்ச் செவ்வகமாகத் தைத்திருப்பீர்கள். இடுப்பில் குறுகி, பிட்டத்தில் அகன்று, கீழ்விளிம்பில் பக்கத்துக்கு ஓர் அங்குலம் இன்னும் அகன்று இறங்க வேண்டும். உள் ஏப்ரனும் மேல் ஏப்ரனின் அகலத்துக்குச் சமமாக இருக்கட்டும். துணி மிச்சம் பிடிக்க உள் ஏப்ரனைக் குறுக்கினால் தொடை தெரியும். மேலே சொன்ன அளவில் மடிப்புக்கு 105 அங்குலம், இரண்டு ஏப்ரனுக்கு 32, ஓர மடிப்புக்கும் உள்வாங்கலுக்கும் 10, ஆக 147 அங்குலம், நான்கு கெஜத்துக்குச் சற்று மேல். இதில் கஞ்சத்தனம் பார்க்க இடமே இல்லை.

ஓரம் வெளிப்பக்கம் சுருண்டு நின்றால் லைனிங் இழுக்கிறது என்று பொருள். ஓரத்தில் லைனிங்கைப் பிரித்து, 3 மில்லிமீட்டர் தளர்வு விட்டு மறுபடி ஹெம்மிங் செய்யுங்கள்.

பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் ஏறுகிறது

முதலில் பிள்ளை கில்ட்டை எங்கே கட்டியிருக்கிறாள் என்று பாருங்கள். முதுகு உள்வளைந்த பிள்ளைகளுக்குப் பட்டி பின்னால் கீழே நழுவும். பட்டியைக் கையால் மேலே தூக்கிப் பிடித்ததும் விளிம்பு சமமானால், பின்பக்கப் பட்டியைப் பிரித்து, தேவையான அளவு துணியைப் பட்டிக்குள் ஏற்றித் தையுங்கள். நடுவில் 1 சென்டிமீட்டர், பக்கத்துக்கு வர வரப் பூஜ்யம். கீழ்விளிம்பைத் தொட வேண்டாம்.

மிகச் சிறு பிள்ளைகளுக்கு இடுப்பே இருக்காது, என்ன செய்தாலும் கில்ட் வழுக்கும். அவர்களுக்குப் பருத்தி பாடி ஒன்று தைத்து அதில் கில்ட்டை இணைத்துவிடுங்கள். ஜாக்கெட்டுக்குள் மறைந்துவிடும்.

கில்ட் சின்னதாகிவிட்டது

அகலம் போதவில்லை என்றால், இரண்டு அங்குலம் வரை பக்கிளை நகர்த்தினாலே வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மேலே சொன்னபடி எல்லா மடிப்பிலும் விட்டுக்கொடுங்கள். ஒவ்வொரு மடிப்பிலும் 2 மில்லிமீட்டர் விட்டால் 42 மில்லிமீட்டர் கிடைக்கும்.

நீளம் போதவில்லையா? ஜாக்கெட்டுக்குள் மறையும் மேல்பக்கத்தில் 3 சென்டிமீட்டர் வரை பட்டி சேர்த்துக் கில்ட்டைக் கீழே இறக்கலாம். ஆனால் ஃபெல்லும் சேர்ந்து இறங்கும், அதனால் அதன் கீழ்ப்பகுதியை அதே அளவு பிரிக்க வேண்டும். இதை மறந்தால் 'மடிப்பு எழும்பவில்லை' என்ற பழைய குறைக்கே திரும்ப வருவீர்கள். முதலிலேயே உள்பக்கமாக ஒரு டக் பிடித்து வைத்திருந்தால் அதைப் பிரித்தால் போதும். பழைய மடிப்புக் கோடு தெரிந்தால், ஒரு பங்கு வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது. உள் ஏப்ரனின் மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே செய்யுங்கள், வெள்ளை அதிகமுள்ள டிரெஸ் டார்ட்டன் கட்டத் துணியில் சிவப்பு கசிந்தால் துணியே பாழ். நீளம் முழங்காலுக்கு எவ்வளவு மேலே நிற்கலாம் என்பதற்கு ஸ்காட்லாந்தில் 1950இல் தொடங்கிய ஹைலேண்ட் நடன வாரியத்தின் விதிகள் இருக்கின்றன. நடன ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு அளவெடுங்கள்.

கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுக்க மேலே ஏறுகிறது

ஹைலேண்ட் ஃபிளிங் என்ற ஆட்டத்தில் பாதி நேரம் கை மேலேதான், மானின் கொம்பைக் காட்டுவதாகச் சொல்வார்கள். கை தூக்கியதும் ஜாக்கெட்டின் விளிம்பு நான்கு விரல் அளவு ஏறி, உள்ளே வெள்ளைப் பிளவுஸ் பிதுங்கினால் பார்வை முழுக்க அங்கேதான் போகும்.

தாராளமாக இருக்கட்டும் என்று நினைத்துப் பெரும்பாலானோர் கைக்குழியை இன்னும் ஆழமாக வெட்டுவார்கள். அது நிலைமையை மோசமாக்கும். கைக்குழி எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு துணி கையோடு சேர்ந்து மேலே போகும். அக்குளுக்கு ஒட்டி, ஒரு விரல் மட்டும் நுழையும் உயரத்தில் கைக்குழி இருந்தால் கை தனியாக எழும்பும், உடல் பகுதி இடத்திலேயே நிற்கும். கையின் மேல்வளைவும் உயரமாக இல்லாமல் தட்டையாக, அகலமாக இருக்க வேண்டும்.

வெட்டியாயிற்று என்றால் அக்குளில் துண்டு வைப்பதே வழி. அதே வெல்வெட்டில் 6 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தோடு சுற்றிலும் 1 சென்டிமீட்டர் தையலுக்கு விட்டு வெட்டுங்கள். அக்குளில் பக்கத் தையலையும் கையின் அடித்தையலையும் 6 சென்டிமீட்டர் வீதமும், நடுவே அவை சந்திக்கும் இடத்தில் கைக்குழித் தையலைச் சிறிதும் பிரித்து, சதுரத்தைச் சாய்வாக நிறுத்தி நான்கு பக்கமும் தையுங்கள். மூலைகளில் ஊசி சரியாகப் புள்ளியில் நிற்க வேண்டும், அந்த இடத்தில் மெஷினை விட்டுக் கையால் தைப்பது நல்லது. கை கீழே இருக்கும்போது துண்டு கண்ணுக்கே தெரியாது. தூக்கும்போது விளிம்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறவில்லை என்றால் போதுமானது.

வெல்வெட்டின் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் சாம்பலாகவும் தெரிகிறது

துண்டுகளை எதிரெதிர்த் திசையில் வெட்டியிருக்கிறீர்கள். வெல்வெட்டின் ரோமம் ஒரே பக்கம் படுத்திருக்கும். அதற்கு எதிராகத் தடவினால் சொரசொரப்பாகவும் அதன் போக்கில் தடவினால் வழுவழுப்பாகவும் இருக்கும். ரோமம் மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும். எந்தத் திசையானாலும் எல்லாத் துண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். தவறான துண்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

தைக்கும்போது மேல்துணி நகர்ந்து மூட்டு கோணினால் காரணம் அதே ரோமம்தான். குண்டூசி போதாது, இரண்டு வரிசை கச்சாத் தையல் போட்டு, மெஷின் அழுத்தத்தைக் குறைத்து, 3 மில்லிமீட்டர் தையலில் மெல்ல ஓட்டுங்கள். இஸ்திரியில் பளபளப்புத் தழும்பு விழுந்துவிட்டால் மீட்பது கடினம். பலகையில் இன்னொரு வெல்வெட் துண்டை முகம் மேலாக விரித்து, அதன்மேல் ஜாக்கெட்டை முகம் கீழாக வைத்து, இஸ்திரியை ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். பிறகு மென்மையான பிரஷால் ரோமத்தை எழுப்புங்கள். கையை இடுப்பில் மடக்கி வைக்கும் இடத்தில் ரோமம் எப்படியும் நசுங்கும். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் அங்கே ஆவி காட்டினால் ஜாக்கெட் நாலு வருடம் தாங்கும்.

வெள்ளி ஜரிகைப் பட்டி கழுத்தோரத்தில் சுருங்கினால், அதை இழுத்துத் தைத்திருக்கிறீர்கள். முன்கூட்டியே ஆவி காட்டிச் சுருங்கவிட்டு, கையால் தளர்வாகத் தையுங்கள். வளைவில் உள்ளோரத்து நூலை இழுத்தால் பட்டி தானே வளையும்.

அபாய்ன் உடை, ஜிக் உடை, மாலுமி உடை

ஃப்ளோரா மெக்டோனல்ட்ஸ் ஃபேன்சி, ஸ்காட்டிஷ் லில்ட் போன்ற ஆட்டங்களுக்குப் பெண்கள் அணியும் அபாய்ன் உடைக்கு, பெண்கள் கில்ட் கட்டுவதை விரும்பாத அபாய்ன் ஊர் விளையாட்டு விழாவின் பெயரே நிலைத்துவிட்டது. இதில் வரும் தொல்லைகள் இரண்டு. உள்பாவாடை வெளியே தெரிந்தால் அதை மேல்பாவாடையைவிட மூன்று சென்டிமீட்டர் குட்டையாக்குங்கள். தோளில் குத்திய பிளெய்ட் என்ற கட்டம் போட்ட மேல்துணி சரிந்தால் புரோச்சின் கீழே வெல்வெட்டின் உள்பக்கம் பருத்தி நாடாத் துண்டு ஒன்றைத் தைத்து, அதோடு சேர்த்துப் பிளெய்டைப் பிரஸ் பட்டனில் மாட்டுங்கள். புரோச் வெறும் அழகுக்கு இருக்கட்டும். கனம் முழுக்க ஊசிமுனையில் நின்றால் வெல்வெட் கிழியும்.

ஐரிஷ் ஜிக்கில் சலவைக்காரப் பெண் கோபத்தில் பாவாடையை உதறுகிறாள், அதனால் வட்டப் பாவாடை வேண்டும். விளிம்பு அங்கங்கே தொங்கினால் குறுக்கு இழை இழுபட்டிருக்கிறது. பிரித்து, இரண்டு இரவு ஹேங்கரில் தொங்கவிட்டு, பிள்ளையை நிறுத்தித் தரையிலிருந்து அளந்து சமப்படுத்துங்கள். ஏப்ரனின் வில்முடிச்சு அவிழ்ந்தால் முடிச்சை நிலையாகத் தைத்து, பின்னால் கொக்கி வையுங்கள். ஹார்ன்பைப் ஆட்டத்தின் மாலுமிக் கால்சட்டை காலைச் சுற்றி முறுக்கினால் துணி நேர் இழையில் வெட்டப்படவில்லை. அதற்கு வேறு கால்சட்டைதான்.

காலுறையின் கட்டங்கள் திரும்பிவிடுகின்றன

சாய்சதுரத்தின் முனை முன்னெலும்புக்கு நேராகவும், தையல் பின்கெண்டைக்கு நேராகவும் நிற்க வேண்டும். கெண்டைக்கால் மெலிந்த பிள்ளைக்கு நிற்காது. ஓர் அங்குல எலாஸ்டிக்கில் கால்பட்டி தைத்து, மேல்மடிப்புக்குள் கொடுங்கள். கால் அளவைவிட இரண்டு அங்குலம் குறைத்து வெட்டினால் பிடிமானம் கிடைக்கும், சதையில் தடம் விழாது.

போட்டிக்குக் கொண்டுபோகும் வழியில் மடிப்பு கலைந்துவிட்டது

கில்ட்டை மடித்துப் பெட்டியில் வைக்காதீர்கள். இஸ்திரி போட்டதும் கீழ்விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் மேலே ஒரு வரிசை, நடுவில் ஒரு வரிசை என்று நீளமான கச்சாத் தையல் போட்டு, மடிப்புகளின் போக்கிலேயே சுருட்டி, பழைய நைலான் காலுறையின் வெட்டிய கால்பகுதிக்குள் நுழைத்துவிடுங்கள். ஸ்காட்லாந்து வானிலையை நம்ப முடியாது. டுனூன் ஊரில் 1894இல் தொடங்கிய கௌவல் ஹைலேண்ட் விளையாட்டு விழா ஆகஸ்ட் கடைசியில் கடலோரத்தில் நடக்கிறது, மழை வந்தே தீரும் என்று நினைத்துத்தான் போக வேண்டும். நனைந்த கில்ட்டை ஹீட்டர்மேல் போடாமல் பட்டியில் பிடித்துத் தொங்கவிடுங்கள். நனைந்த வெல்வெட்டைத் துடைக்காமல் உதறிக் காயவிடுங்கள்.

கச்சாத் தையலுக்குக் கில்ட்டில் இல்லாத நிறத்தில் நூல் எடுங்கள். வெள்ளைக் கட்டத்தில் வெள்ளை நூல் போட்டால் அவசரத்தில் ஒரு இழை உள்ளேயே தங்கி, முதல் குதிப்பில் மூன்று மடிப்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். மேடைக்கு அழைக்குமுன் இழுத்தெடுத்த நூல்களை எண்ணுங்கள், போட்ட வரிசைகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும்.